சாய்வுகளின் வழியே பர்கண்டி

மாக்கோன் நகரிலிருந்து க்ளூனிக்குப் போகும் வழியில், புவா க்ளேர் என்னும் குன்றுக்கு அடியில், 19ஆம் நூற்றாண்டில் ரயிலுக்காகக் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதன் நீளம் சுமார் 1,600 மீட்டர். இன்று அதற்குள் ரயில் போவதில்லை. நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் மட்டுமே போகிறார்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அவர்களுக்கும் அதை அடைத்துவிடுகிறார்கள். ஜூன் தொடக்கத்து வெயிலிலிருந்து அதன் வாய்க்குள் நுழைந்தபோது, முகத்தில் அறைந்த குளிரில் அக்கா ஒரு கணம் மிதிப்பதை நிறுத்தினாள். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து, இணையாகவே ஓட்டத் தொடங்கினாள். சுவர் ஓரத்து விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. சங்கிலியின் ஓசை கல் வளைவில் பட்டுத் திரும்பி வந்தது. "பின்னால ஏதும் வருதாடா?" என்று கேட்டாள். ஏதும் வராது என்றேன். அந்த ஒன்றரை கிலோமீட்டரில் மூன்று முறை அதே கேள்வியைக் கேட்டாள். நானும் மூன்று முறை அதே பதிலைச் சொன்னேன்.

அக்காவுக்கு 58 வயது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவளுடைய தோளில் இடித்துச் சாலையோரத்தில் தள்ளியது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அதன் பிறகு அவள் மிதிவண்டியைத் தொடவில்லை. பள்ளிக் காலத்தில் என்னைப் பின்னிருக்கையில் உட்கார வைத்து மிதித்தவள் அவள். வாகனங்களே வராத பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொடர்ச்சியாக இருக்கின்றன என்றும், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் அவற்றை இணைத்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வட்டப் பயணமே செய்யலாம் என்றும் நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. வட்டம் முழுவதையும் சுற்ற எங்களுக்கு நாள் போதாது. ஆகவே மாக்கோனில் தொடங்கி க்ளூனி வழியாக ஷலோன் நகரத்துக்கும், அங்கிருந்து சாந்த்ர் கால்வாயின் கரையோடு அதன் உச்சிவரைக்கும், பிறகு திராட்சைத் தோட்டங்களின் ஊடாக போன் நகரத்துக்கும் போவதென்று ஆறு நாள் பயணத்தை வகுத்துக்கொண்டோம்.

புறப்படும்போது என் மனத்தில் இருந்தது பாதுகாப்பு ஒன்றுதான். திரும்பும்போது அதைவிட அதிகமாக வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் போன மூன்று வகைப் பாதைகளில் ஒன்றுகூட மிதிவண்டிக்காகத் தோன்றியதல்ல. ஒன்று ரயிலுக்காக, ஒன்று தண்ணீருக்காக, ஒன்று திராட்சைக் கொடிக்காக. ஒவ்வொன்றும் தன் முதல் உரிமையாளருக்கு ஏற்ற சாய்வில் கிடக்கிறது. அந்தச் சாய்வை இன்று நம் கால்கள் அப்படியே பெற்றுக்கொள்கின்றன. பின்னால் வரும் வண்டியின் இரைச்சலுக்குக் காது கொடுக்க வேண்டிய சாலையில் இதை நான் ஒருபோதும் கவனித்திருக்க முடியாது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் பெரும் சுமையைச் சிறு விசையால் இழுக்க முடிவது அதனால்தான். அதே காரணத்தால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். எனவே நீராவி ரயில் காலத்துப் பொறியாளர்கள் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர், கரடான இடங்களில் அதற்குச் சற்று மேல் என்ற அளவுக்குள் தடத்தை வைத்திருக்கப் பாடுபட்டார்கள். குன்று குறுக்கிட்டால் வளைந்தார்கள், பள்ளம் வந்தால் மண் கொட்டி மேடாக்கினார்கள், வேறு வழியே இல்லாவிட்டால் குடைந்தார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டால், சுமையேற்றிய மிதிவண்டிக்கு அதைவிட ஏற்ற சாய்வு கிடையாது. ஏறுகிறோம் என்பதே தெரியாமல் ஏறுகிறோம். வேகம் மட்டும் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்திருக்கும்.

க்ளூனிக்கும் ஜிவ்ரிக்கும் இடையே உள்ள 44 கிலோமீட்டர் பழைய தடத்தை இப்படி மாற்றி 1997இல் திறந்தார்கள். பிரான்சில் 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை, என்று பெயர் பெற்ற பாதைகளில் முதலாவது அதுதான். மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் குதிரையேறிகளுக்கும் மட்டுமான பாதை என்ற பொருளில் 2004இல்தான் அந்தச் சொல் பிரெஞ்சுச் சாலை விதிகளுக்குள் வந்தது. அதற்கு முன்பே ஏழு ஆண்டுகள் இங்கே பிள்ளைகள் சறுக்குக் காலணிகளில் போய்வந்துகொண்டிருந்தார்கள். சட்டம் வழியைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. பழைய ரயில் நிலையங்கள் பல இன்னும் நிற்கின்றன. ஊர்ப்பெயர் சுவரில் இருக்க, நடைமேடையின் விளிம்புக்குக் கீழே மிதிவண்டிகள் நழுவிப் போகின்றன. ஊர்ச் சாலை குறுக்கிடும் இடங்களில் மட்டும் மரத் தடுப்புகளைச் சுற்றி நின்று போக வேண்டும். இருபக்கமும் பைகள் தொங்கும் வண்டிக்கு அந்தத் தடுப்புகளில் சில மிகக் குறுகலானவை. அக்கா இரண்டு இடங்களில் இறங்கி வண்டியைத் தூக்கித்தான் கடந்தாள். மோட்டார் வண்டியைத் தடுக்கிற தடுப்பு, முதியவர்களையும் மூன்று சக்கர வண்டியில் வருபவர்களையும் தடுத்துவிடக்கூடாது. திட்டமிடுகிறவர்கள் சுமையேற்றிய வண்டி ஒன்றைத் தாமே உருட்டிப் பார்த்துவிட்டு இடைவெளியை முடிவுசெய்ய வேண்டும்.

இதே குன்றுத் தொடரை 1981இல் திறக்கப்பட்ட அதிவேக ரயில் தடமும் கடக்கிறது. அதன் எஞ்சின்களுக்கு வலு அதிகம். சரக்கு ரயில்களும் அதில் ஓடுவதில்லை. ஆகவே நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர்வரை ஏறட்டும் என்று துணிந்து வரைந்தார்கள். பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே அந்தத் தடத்தில் ஒரு சுரங்கம்கூட இல்லை. பழைய ரயில் குன்றுக்குள் புகுந்து போன இடத்தைப் புதிய ரயில் மேலேறித் தாண்டுகிறது. நாங்கள் பழைய ரயிலின் பொறுமையான சாய்வில் போய்க்கொண்டிருந்தபோது, தொலைவில் அது ஒரு மூச்சு நேரம் சீறிவிட்டு மறைந்தது.

க்ளூனியில் ஒரு மாலை முழுவதும் தங்கினோம். 910இல் நிறுவப்பட்ட துறவி மடம். 1088இல் தொடங்கிய அதன் மூன்றாம் தேவாலயம் 187 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, ரோமில் புனித பேதுரு தேவாலயம் புதிதாக எழும்வரை கிறித்தவ உலகின் மிகப் பெரிய கோயிலாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் விற்கப்பட்டுக் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. இன்று தென்பக்கக் குறுக்கு மண்டபமும் எண்கோணக் கோபுரமும்தான் மிச்சம். இல்லாமல்போன தூண்களின் அடிகள் வெளியில் தரையோடு தெரிகின்றன. அவற்றின் நடுவே நடந்தபோது, நாள் முழுவதும் மிதித்து வந்த தூரத்தைவிட அந்த 187 மீட்டர் நீளமாகத் தோன்றியது.

மறுநாள் க்ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கில் வடக்கு நோக்கிப் போனோம். வெள்ளை நிறச் சரோலே மாடுகள் வேலியோரம் வந்து எங்களைப் பார்த்தன. தெசே ஊரின் மணியோசை குன்றின் மேலிருந்து இறங்கி வந்தது. கொர்மத்தேன் கோட்டைமாளிகையைத் தாண்டிச் சற்றுத் தொலைவு போனபின் அக்கா, 'பின்னால் ஏதும் வருகிறதா' என்று கேட்பதை விட்டிருந்தாள். அதற்குப் பதிலாகப் பேசத் தொடங்கினாள். அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றியும், அப்போது நான் ஊரில் இல்லாததைப் பற்றியும், இருபது ஆண்டுகளாக என்னிடம் சொல்லாதவற்றையெல்லாம் சொன்னாள். சாலையில் இருவர் போனால் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடிதான் போக வேண்டும், பேச்சு கத்தலாகிவிடும். மூன்று மீட்டர் அகலத்தில் வாகனமில்லாத பாதை இருந்தால் தோளோடு தோளாகப் போகலாம். முகம் பார்க்க வேண்டியதில்லை, கால்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, எதிரே மரநிழல் விழுந்த பாதை நீண்டு கிடக்கிறது. கனமான பேச்சுக்கு இதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை.

ஷலோனில் நாங்கள் பார்க்க விரும்பியது ஒரு பழைய கதையின் தடத்தை. ஒளிப்படக் கலையின் முன்னோடியான நிசெஃபோர் நியெப்ஸ் 1765இல் அந்த ஊரில் பிறந்தவர். அவரும் அவருடைய அண்ணனும் 1807இல் வெடிப்பு எஞ்சின் ஒன்றைச் செய்து சோன் ஆற்றில் படகை ஓட்டினார்கள். அத்தோடு, ஜெர்மனியின் கார்ல் டிரைஸ் 1817இல் உருவாக்கிய, காலால் தரையை உந்தி ஓட்டும் இருசக்கர வண்டியைப் பற்றி அறிந்து, அடுத்த ஆண்டே தமக்கென ஒன்றைச் செய்து, இருக்கையின் உயரத்தை மாற்றும்படி அமைத்தவரும் நியெப்ஸ்தான். இருக்கையின் உயரத்தை முதல் நாள் காலையில் அக்காவுக்காக நான் நான்கு முறை மாற்றியிருந்தேன். முழங்கால் வலியில் பாதி அந்த ஓர் அளவில் இருக்கிறது. மிதி மிகக் கீழே வந்திருக்கும்போது கால் ஏறத்தாழ நீள வேண்டும், ஆனால் விறைக்கக்கூடாது.

வண்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பந்தய வண்டி வேண்டியதில்லை. 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்கள், பின்னால் உறுதியான தாங்கி, இருபக்கமும் சம எடையில் நீர்புகாப் பைகள், முன்பக்கச் சிறிய பற்சக்கரமும் பின்பக்கப் பெரிய பற்சக்கரமும் சேர்ந்து தரும் மிக இலகுவான ஒரு கியர் ஆகியவை போதும். இலகுவான கியரைக் கேவலமாக நினைக்கும் வழக்கம் பழையது. சைந்த்-எத்தியென் நகரத்தைச் சேர்ந்த பால் த விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மலைகளில் நீண்ட பயணம் செய்து, பல கியர்களின் பயனை வலியுறுத்திக்கொண்டே இருந்தார். தூர் த பிரான்ஸ் பந்தயமோ, சங்கிலியைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் மாற்றும் டிரெய்லியர் என்ற கருவியை 1937இல்தான் அனுமதித்தது. பசிக்கும் முன் உண், தாகிக்கும் முன் குடி என்பதும் அவர் பயணிகளுக்குச் சொன்ன அறிவுரைதான். குடிநீருக்கு எங்களுக்குக் கைகொடுத்தவை கிராமக் கல்லறைத் தோட்டங்கள். பூச்செடிகளுக்கு நீர் ஊற்ற வாயிலருகே ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்று எழுதியிருந்தால் மட்டும் கையைக் கழுவிவிட்டு அடுத்த ஊருக்குப் போவோம். திங்கட்கிழமைகளில் பல ஊர்களில் ரொட்டிக்கடை திறப்பதில்லை என்பதை ஒரு திங்கட்கிழமையன்று தெரிந்துகொண்டோம்.

இனிக் கால்வாய். இந்தப் பயணத்தில் என்னை முழுவதுமாக ஆட்கொண்டது அதுதான்.

சோன் ஆற்றை ஷலோனிலும் லுவார் ஆற்றைத் திகுவேனிலும் தொட்டு, இரண்டையும் இணைக்கிறது சாந்த்ர் கால்வாய். நீளம் 112 கிலோமீட்டர். எமிலான் கொத்தே என்ற பொறியாளரின் திட்டப்படி 1783இல் தோண்டத் தொடங்கி, புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவிலேயே பத்தாண்டுகளுக்குள் படகுகளுக்குத் திறந்துவிட்டார்கள். சோன் தெற்கே போய் ரோன் ஆற்றோடு சேர்ந்து மத்தியதரைக் கடலில் கலப்பது. லுவார் வடமேற்கே திரும்பி அட்லாண்டிக் பெருங்கடலில் கலப்பது. அப்படியானால் இரண்டுக்கும் இடையே ஒரு மேடு இருந்தே தீர வேண்டும். தண்ணீர் மேடேறாது. படகை எப்படி ஏற்றுவது?

படிக்கட்டு கட்டித்தான். கால்வாயின் ஒவ்வொரு படியும் முற்றிலும் மட்டமான ஒரு நீர்த்துண்டு. இரண்டு படிகளுக்கு இடையே, முன்னும் பின்னும் கதவுள்ள ஒரு கல் அறை. அதைத்தான் லாக் என்கிறோம். கீழ்க்கதவு வழியே படகு உள்ளே வருகிறது, கதவு மூடுகிறது, மேலிருந்து நீரை விடுகிறார்கள், அறை நிரம்ப நிரம்பப் படகு எழுகிறது, மேல்மட்டத்துக்குச் சமமானதும் மேல்கதவு திறக்கிறது. எங்கும் எந்த எந்திரமும் படகைத் தூக்குவதில்லை; மேலிருந்து கீழே இறங்கும் நீர்தான் படகை மேலே தூக்குகிறது. இந்த முரணை முதன்முதலாக நேரில் பார்த்தபோது, அக்கா கல் விளிம்பில் உட்கார்ந்து படகு முழுதாக எழுந்து வெளியேறும்வரை அசையவில்லை. லாக் அறைக்குள் சுவரோரம் இரண்டு தடிகள் தொங்கின; படகில் இருந்த பெண் நீலத் தடியை உயர்த்தியதும் கதவுகள் தாமாக இயங்கின. சிவப்புத் தடி அவசரத்துக்கு.

சோன் பக்கத்தில் 35 லாக்குகள், லுவார் பக்கத்தில் 26. ஷலோனிலிருந்து உச்சிக்குச் சுமார் 130 மீட்டர் உயரம். மிதிவண்டிக்கு இது என்ன பொருள் தருகிறது என்றால், இரண்டு லாக்குகளுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் இருந்தாலும் ஏற்றம் சுழியம். லாக் வரும் இடத்தில் மட்டும் சில பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு குட்டி மேடு. நம் மூச்சு வாங்கும் இடத்தை நூற்றாண்டுகளுக்கு முன்பே யாரோ குறித்துவைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் லாக்காரர் குடியிருந்த சிறு வீடும், கல் விளிம்பும், பெரும்பாலும் ஒரு மரமும் இருக்கும். இளைப்பாற வேண்டும் என்று தோன்றும் இடமும் இளைப்பாற ஏற்ற இடமும் ஒன்றாகவே அமைந்திருப்பது கால்வாயின் தனிச்சிறப்பு.

கரையில் நாங்கள் போன பாதை படகை இழுத்தவர்களின் பாதை. குதிரையும் கோவேறு கழுதையும் இழுத்தன. விலங்குக்கு வழியில்லாத படகுக்காரர்கள், மார்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு தாமே இழுத்தார்கள். நீரில் மிதக்கும் சுமை நகரத் தொடங்கிவிட்டால் ஒரு மனிதனின் விசைக்கும் மெல்ல வரும். ஆனால் அதைத் தொடங்கிவைப்பதும் நிறுத்துவதும்தான் கொடுமை. 1879ஆம் ஆண்டு ஃப்ரெய்சினே சட்டம் நாட்டின் முதன்மைக் கால்வாய்களுக்கெல்லாம் ஒரே அளவை விதித்தது: லாக்கின் நீளம் 39 மீட்டர், அகலம் 5.20 மீட்டர். படகுகளை 38.50 மீட்டர் நீளத்துக்கும் 5.05 மீட்டர் அகலத்துக்கும் கட்டினார்கள். கணக்கிட்டால் பக்கத்துக்கு ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி. காற்றடிக்கும் நாளில், நிலக்கரியோ ஓடோ நிறைத்த படகை அந்த இடைவெளியில் நுழைத்தவர்களின் கையைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். லாக் வாயிலின் கல்முனைகளில் தேய்ந்த பள்ளங்கள் உள்ளன. இழுகயிறு உரசி உரசிக் குடைந்தவை. அவற்றில் விரலை வைத்தால் முழு விரலும் அடங்குகிறது.

கொத்தேயின் குடும்பத்தைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தந்தையை இழந்த சிறுவன் ஒருவனை அவர் வளர்த்துப் பொறியியல் கற்பித்தார். அந்தச் சிறுவன்தான் க்லோத்-லூயி நவியே. பாயும் நீரின் இயக்கத்தை விளக்கும் நவியே-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளின் முதல் பெயருக்குரியவர். கால்வாய் கட்டியவரின் வீட்டில் வளர்ந்த பிள்ளை நீரின் கணிதத்தை எழுதினான் என்பதை லாக் கதவின் இடுக்கில் நீர் சீறிப் பிரிவதைப் பார்த்தபடி அக்காவிடம் சொன்னேன்.

லாக் வீடுகளின் பலகைகளில் எண்ணோடு கடலின் பெயரும் உண்டு. ஷலோனிலிருந்து மேலேறும்போது 'மெதித்தெரானே', அதாவது மத்தியதரைக் கடல், என்றும், எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டும் வரும். ஷாஞி ஊரில் கால்வாய் மேற்கே திரும்பி, த்யோன் ஆற்றின் பள்ளத்தாக்கில் நுழைகிறது. அதன்பின் பாதை எல்லா இடத்திலும் வாகனமற்றது என்று சொன்னால் பொய்யாகும். சில பகுதிகளில் கரையோரச் சிறுசாலையில் கார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அக்கா அங்கெல்லாம் எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள், பேச்சும் நின்றது. கரையோரப் பாதை மீண்டும் தனித்துப் பிரிந்ததும் அவள் தோள்கள் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். வாகனமில்லாப் பாதையின் மதிப்பை எந்த விளம்பரத்தையும்விட அந்தத் தோள்கள் தெளிவாகச் சொல்லின.

நான்காம் நாள் மதியம் மோன்ஷனேன் அருகே உச்சியை அடைந்தோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர். உச்சி என்று சொல்லப் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. மரங்களுக்கு நடுவே சில கிலோமீட்டர் நீளத்துக்கு அசையாத நீர். ஆனால் அந்த நீர்த்துண்டுதான் கால்வாயின் உயிர். ஒரு லாக் அறையின் பரப்பைச் சுமார் 200 சதுர மீட்டர் என்று கொண்டு, மூன்றரை மீட்டர் ஏற்றத்தோடு பெருக்கினால், ஒவ்வொரு முறையும் ஏழு லட்சம் லிட்டர் நீர் கீழே போகிறது. கிழக்கே இறங்கும் படகும் மேற்கே இறங்கும் படகும் உச்சியிலிருந்தே நீரை எடுத்துக்கொண்டு போகின்றன. மேட்டின் முகட்டில் ஆறு ஏது? ஆகவே சுற்றியுள்ள மேடுகளில் ஏரிகளை வெட்டி, மழைநீரைத் தேக்கி, ஊட்டு வாய்க்கால்கள் வழியே உச்சிக்குக் கொண்டுவருகிறார்கள். டோர்சி ஏரிகள் அப்படிப்பட்டவை. கோடை வறண்டால் ஏரி தாழும், படகுகளை நிறுத்தி வைத்துக் கூட்டமாகச் சேர்த்து அனுப்புவார்கள், அதுவும் முடியாதபோது கால்வாயை மூடுவார்கள். கரையில் போகும் மிதிவண்டிக்காரருக்கு வழக்கம்போல் நிழலும் நீரும் தெரியும். ஆனால் அந்த நிழல் எங்கோ ஒரு ஏரிக்கரையின் உறுதியைப் பொறுத்தது.

அடுத்த லாக்கின் பலகையில் 'ஓசெயான் 1' என்று இருந்தது. பெருங்கடல். அக்கா தன் குடுவையில் மிச்சமிருந்த தண்ணீரில் பாதியை அந்த லாக்கின் மேற்குப் பக்கம் ஊற்றினாள். சற்றுத் தொலைவு திரும்பி வந்து மீதியைக் கிழக்குப் பக்க லாக்கில் ஊற்றினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் சாம்பலை எந்த ஆற்றில் கரைத்தார்கள் என்பதை முந்தின நாள்தான் விரிவாகச் சொல்லியிருந்தாள்.

அங்கிருந்து வந்த வழியே சாந்த்னே வரை திரும்பினோம். ஒரே பாதையில் திரும்பி வருவதைப் பலரும் விரும்புவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஏறும்போது வெயில் பட்ட கதவுகள் இறங்கும்போது நிழலில் இருந்தன, நாரை நின்ற இடத்தில் தூண்டிலோடு ஒரு கிழவர் இருந்தார்.

சாந்த்னேயில் கால்வாயை விட்டு மேலே ஏறியதும் உடலுக்கு உடனே ஒரு மாற்றம் தெரிந்தது. இது 'வுவா தே வீஞ்', திராட்சைக் கொடிகளின் வழி. போன் நகரம்வரை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஷசாஞ், புலிஞி, மெர்சோ, வோல்னே, பொமார் என்று ஒயின் குப்பிகளின் ஒட்டுத்தாள்களில் மட்டுமே பலரும் படித்த பெயர்கள் இங்கே அடுத்தடுத்த கிராமங்களாக வருகின்றன. நீருக்கும் இரும்புக்கும் சாய்வு பகை. கொடிக்கோ சாய்வுதான் வாழ்வு. மழைநீர் வேரில் தேங்காமல் வடிய வேண்டும், காலைச் சூரியன் இலையில் நேராக விழ வேண்டும், வசந்தத்தின் குளிர்காற்று வழிந்து கீழே இறங்கிவிட வேண்டும். குன்றின் நடுப்பகுதியில், கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த நிலத்தில்தான் மிக உயர்ந்த தோட்டங்கள் கிடக்கின்றன. கீழே சமவெளியை நெருங்க நெருங்கத் தரவரிசை இறங்குகிறது. மேலே முகட்டில் மண் மிக மெலிது. ஆகவே பாதையும் நேராகப் போவதில்லை. ஒரு தோட்டத்தின் மதிலைத் தொட்டு ஏறி, அடுத்ததன் மூலையில் இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. மிக இலகுவான கியரை நாங்கள் பயன்படுத்தியது இந்த இருபது கிலோமீட்டரில்தான்.

இந்தத் துண்டு துண்டான நிலங்களுக்கு இங்கே 'க்லிமா' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் எல்லையும் பெயரும் வரலாறும் தனித்தனி. இப்படி 1,247 க்லிமாக்களை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புலிஞிக்கும் ஷசாஞுக்கும் நடுவே கிடக்கும் மோன்ராஷே என்னும் புகழ்பெற்ற தோட்டம் முழுவதுமே சுமார் எட்டு ஹெக்டேர். மிதிவண்டியில் இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிட்டோம் என்று தெரிந்ததும் திரும்பிப்போய் இறங்கி நடந்தோம். பாதையின் ஒரு பக்கத்து மண் வெளிறிய சுண்ணாம்புக் கல். மறுபக்கம் பத்தடி தாழ்வில் செம்பழுப்பு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. அந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்து, நூற்றாண்டுகளாகப் பிரித்தே அறுவடை செய்து, பிரித்தே ஒயின் செய்திருக்கிறார்கள். பெருமழையில் வழிந்து அடிவாரத்தில் சேர்ந்த மண்ணைக் கூடைகளில் அள்ளி முதுகில் சுமந்து மீண்டும் மேலே கொண்டு போய்ப் போட்டவர்களும் அவர்கள்தான். நாங்கள் மூச்சு வாங்க ஏறிய ஏற்றத்தை அவர்கள் மண்சுமையோடு ஏறியிருக்கிறார்கள்.

ஜூன் தொடக்கம் கொடி பூக்கும் காலம். பூ என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குச் சிறிய பச்சை நூல்கள்; மணமும் மிக மெலிது, காற்று நின்றால்தான் தெரியும். பூத்து நூறு நாளில் அறுவடை என்பது அங்கே பழைய கணக்கு. ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடிகள் வரை நெருக்கமாக நட்டிருப்பதால் வரிசைகளுக்கு இடையே ஒரு மீட்டர் இடம்தான். சாதாரண டிராக்டர் நுழையாது. நெடிய கால்களுடன் வரிசையின் மேலேயே கவைத்து நின்று உழும் டிராக்டர்கள் வைத்திருக்கிறார்கள். அப்படியொன்று எதிரே வந்தபோது, அக்கா என்னைக் கேட்காமலே வண்டியை மதிலோரம் ஒதுக்கி நிறுத்தினாள். ஓட்டியவர் கையுயர்த்தி நன்றி காட்டிவிட்டுப் போனார். இந்தப் பாதை வாகனமற்றது அல்ல. இங்கே வேலை செய்பவர்களின் வாகனம் வரும். அது அவர்களின் பாதை, நாம் விருந்தினர். மருந்து தெளிக்கும் வண்டியைக் கண்டால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றுவிட வேண்டும். மழைக்குப் பின் சக்கரங்கள் விட்டுச்சென்ற களிமண் வளைவுகளில் வழுக்கும். அந்த டிராக்டர் போனபின்புதான் எனக்கு உறைத்தது: தன்னைவிட மிக உயரமான ஓர் எந்திரம் கையெட்டும் தூரத்தில் கடந்து போயிருக்கிறது, அக்கா வண்டியை விட்டு இறங்கவே இல்லை; ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, அது போனதும் மிதித்துப் புறப்பட்டாள்.

பொமாரைத் தாண்டியதும் போன் நகரத்தின் வெளிவட்டச் சாலையின் இரைச்சல் கேட்டது. 1443இல் நிறுவப்பட்ட ஏழைகளின் மருத்துவமனையின் பல வண்ண ஓட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், நகர மதிலின் நிழலில் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வரைபடத்தைக் கேட்டாள். வடக்கே டிஜோன் வழியாகப் போகும் இன்னொரு நீலக்கோட்டில் விரலை வைத்தாள். பர்கண்டிக் கால்வாய், 242 கிலோமீட்டர், 189 லாக்குகள் என்றேன். உச்சி எங்கே என்று கேட்டாள். புய்யி-ஆன்-ஒக்சுவா என்னும் ஊரில், 378 மீட்டர் உயரத்தில். அங்கே கால்வாய் மேட்டைக் குடைந்துகொண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்கு அடியில் போகிறது, உள்ளே படகு இழுப்பவர்களுக்கான கரைகூடக் கிடையாது என்று சொன்னேன்.

"அப்ப நாம?"

மேலே ஏறித்தான் போக வேண்டும், அக்கா.

அவள் விரல் வரைபடத்தில் அந்த மேட்டின் மேல் இருந்தது. அதைக் கடக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள்.